மறந்துபோன புத்தகத்தை மீண்டும் அச்சேற்றுவது எப்படி? சிறு பதிப்பாளருக்கான முழுமையான வழிகாட்டி

சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1914-இல் மறைந்தார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று அவர் தொடங்கி, பிறகு 'தமிழன்' என்று பெயர் மாற்றி நடத்திய வார இதழின் பக்கங்கள் பல பத்தாண்டுகள் பெரும்பாலோர் கண்ணில் படாமல் கிடந்தன. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-இல் வெளிவந்தது. வெளியிட்டது பெரிய பதிப்பகம் அல்ல; பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் சமூக வரலாற்றை எழுதுகிற எவரும் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை.

மறுபதிப்பு என்றால் பழைய பக்கத்தை நகலெடுத்துப் புது அட்டை போடுவது என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நானும் இரண்டு நண்பர்களும் வேலைக்குப் போய்க்கொண்டே, வருடத்துக்கு ஒன்று இரண்டு என்று பழைய நூல்களை வெளியிட்டு வருகிறோம். அதில் கற்றுக்கொண்டதை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் மனத்தில் ஏற்கெனவே ஒரு புத்தகம் இருந்தால் நேராக இரண்டாம் படிக்குப் போய்விடலாம்.

முதல் படி: புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தல்

பழையது என்பது மட்டும் ஒரு தகுதி ஆகாது. காலம் கைவிட்ட நூல்களில் பெரும்பாலானவை நியாயமாகவே கைவிடப்பட்டவை. 'அந்தக் காலத்துக்கு இது பரவாயில்லை' என்று சாக்குச் சொல்லாமல் ஒரு நண்பர் கையில் கொடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முழு நூலையும் இரண்டு முறை படியுங்கள். இரண்டாம் முறை அலுப்புத் தட்டினால் விட்டுவிடுங்கள். இன்னும் குறைந்தது ஐந்து முறை அதைப் படிக்க வேண்டியிருக்கும்.

எங்கே தேடுவது? தமிழில் பெண்கள் எழுதிய பழைய நாவல்கள், தன்வரலாறுகள், பயண நூல்கள், தொழில் சார்ந்த கையேடுகள் ஆகியவற்றில் இன்னும் எடுக்க நிறைய இருக்கிறது. 'ஜகன்மோகினி' இதழை நடத்திய வை.மு. கோதைநாயகி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவற்றில் எத்தனை இன்று கடையில் கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நெடுங்காலம் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்து, பிறகு மறுபதிப்பால் வாசகர்களிடம் வந்தது.

வாசகர்களின் நினைவும் ஒரு நல்ல பட்டியல். லண்டனில் 1999-இல் நிக்கோலா போமன் தொடங்கிய பெர்சிஃபோனி புக்ஸ், இருபதாம் நூற்றாண்டுப் பெண் எழுத்தாளர்களின் மறக்கப்பட்ட நூல்களை வெளியிடும் சிறு பதிப்பகம். அவர்களுடைய நூல்களில் மிக அதிகமாக விற்றவற்றுள் ஒன்று வினிஃப்ரெட் வாட்சன் 1938-இல் எழுதிய 'மிஸ் பெட்டிக்ரூ லிவ்ஸ் ஃபார் எ டே'. தன் தாய்க்கு மிகப் பிடித்த நூல் இது என்று ஒரு வாசகி பரிந்துரைத்ததால்தான் அது அவர்கள் கைக்கு வந்தது. 2000-இல் மறுபதிப்பு வெளிவந்தபோது ஆசிரியர் தொண்ணூறு வயதைக் கடந்து உயிரோடு இருந்தார். உங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய வாசகர்களிடம், 'இப்போது கிடைத்தால் எந்தப் புத்தகத்தை வாங்குவீர்கள்?' என்று கேளுங்கள். எங்கள் இரண்டாவது நூல் அப்படி வந்ததுதான்.

இரண்டாம் படி: பிரதிகளைத் தேடுதல்

ஒரு பிரதி கிடைத்தவுடன் தட்டச்சுக்குக் கொடுத்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. கிடைக்கக்கூடிய எல்லாப் பதிப்புகளையும் முதலில் பார்த்தாக வேண்டும்.

இணையத்தில் தொடங்குங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்கைவ், ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் 'நூலகம்' ஆகிய மூன்றிலும் பாதி வேலை முடிந்துவிடும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த உரை கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும், ஆனால் அதையே மூலமாகக் கொள்ள வேண்டாம்.

பிறகு நேரில் போக வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களிலிருந்து உருவானது. கன்னிமாரா, உ.வே.சா. நூலகம், மறைமலையடிகள் நூலகம், முதற்பதிப்புகளுக்குப் பெயர்பெற்ற புதுக்கோட்டை ஞானாலயா ஆகியவற்றையும் விடாதீர்கள். போகும் முன் நூல், ஆசிரியர், அச்சகம், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நூலகரின் நேரத்தை மதிப்பவர்களுக்குத்தான் பட்டியலில் இல்லாத நூல்களும் கிடைக்கின்றன.

பழைய நூல்களில் ஆண்டைக் கண்டுபிடிப்பது தனி வேலை. பலவற்றில் ஆங்கில ஆண்டே இருக்காது. பிரபவ, விபவ என்று அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருக்கும். 'பிரபவ' என்றால் 1867-68 ஆகவும் இருக்கலாம், 1927-28 ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், விலை, பின்னட்டை விளம்பரம் ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். '௵' என்ற குறியைப் பார்த்தால் அது ஆண்டைக் குறிக்கிறது. '௸' என்பது மேற்படி.

கலித்தொகையை 1887-இல் அச்சிட்ட சி.வை. தாமோதரம் பிள்ளை, ஏட்டை எடுக்கும்போதே ஓரம் உதிர்வதையும் கட்டை அவிழ்த்தால் இதழ் முறிவதையும் தம் பதிப்புரையில் வருந்தி எழுதினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்து மட்டமான தாளில் அச்சான நூல்களைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் என் நினைவுக்கு வருகிறது. இத்தகைய பிரதிகளை ஜெராக்ஸ் கண்ணாடியில் வைத்து அமுக்கவே கூடாது. பாதி மட்டும் திறந்து வைத்து மேலிருந்து படமெடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும், அட்டைகள், விளம்பரங்கள், வெற்றுப் பக்கங்கள் உட்பட, எடுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு 73-ஆம் பக்கம் விட்டுப்போனது தெரிந்தால் மறுபடியும் ரயில் ஏற வேண்டியதுதான்.

மூன்றாம் படி: உரிமை

இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. கோதைநாயகி 1960-இல் மறைந்தார். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த நூல்கள் 2021 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. இராமாமிர்தம் அம்மையார் 1962-இல் மறைந்தார். அவருடையவை 2023 முதல். 'புயலிலே ஒரு தோணி' எழுதிய ப. சிங்காரம் மறைந்தது 1997-இல். 2057 முடியும்வரை உரிமை உண்டு. ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக அச்சான நூலுக்கு, அச்சான ஆண்டிலிருந்து கணக்கிட வேண்டும். இலங்கையில் 70 ஆண்டுகள். அங்கும் விற்கப் போகிறீர்கள் என்றால் அதையும் பாருங்கள்.

தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்று ஒரு தனி வழி உண்டு. பாரதியின் படைப்புரிமையை 1949-இல் அரசு வாங்கியதிலிருந்து வளர்ந்த மரபு இது. நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் நூல்களை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். ஆசிரியரின் குடும்பத்துக்கு அரசு பரிவுத்தொகை கொடுத்துவிடுகிறது. ஆனால் அந்த உரிமை அந்த ஆசிரியரின் எழுத்துக்கு மட்டுமே. பழைய பதிப்பில் வேறொருவர் எழுதிய முன்னுரை, ஓவியர் வரைந்த படம், பிற்காலப் பதிப்பாசிரியர் சேர்த்த குறிப்புகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமை உண்டு. மொழிபெயர்ப்பு நூலென்றால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் இருவரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உரிமை இன்னும் குடும்பத்திடம் இருந்தால், தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். கடிதம் எழுதி, நேரம் கேட்டு, நேரில் போங்கள். வாரிசுகள் எத்தனை பேர் என்று கேட்டு எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் எழுதியிருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டாகவும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டுமாகவும் எடுத்துக்கொள்ளும். மின்னூல், ஒலிநூல் ஆகியவற்றைத் தனியாகக் குறிப்பிடுங்கள். முன்பணம் சிறியதாக இருந்தாலும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். தங்கள் தாத்தா எழுதியதற்குப் பல ஆண்டுகளில் ஒருவரும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை என்று சொன்ன ஒரு வீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வீட்டில்தான், ஆசிரியர் தம் கையால் பென்சிலில் திருத்தங்கள் செய்து வைத்திருந்த பிரதி எங்களுக்குக் கிடைத்தது. எந்த நூலகத்திலும் அது இல்லை.

வாரிசையே கண்டுபிடிக்க முடியாவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவில் கட்டாய உரிமம் கேட்க வழியிருக்கிறது. நாளிதழில் அறிவிப்பு, மனு என்று நீளும் வேலை அது. வழக்கறிஞர் துணையில்லாமல் இறங்க வேண்டாம். யாரும் கேட்க மாட்டார்கள் என்று துணிந்து அச்சிடுவதை மட்டும் செய்யாதீர்கள். மறக்கப்பட்ட எழுத்தாளருக்கு இரண்டாம் முறையும் அநீதி செய்ய நமக்கு உரிமையில்லை.

நான்காம் படி: பாடம் (நூலின் சரியான உரை)

இனி வருவதுதான் உண்மையான வேலை. மற்ற எல்லாவற்றிலும் தவறு நேர்ந்தால் பணம் போகும். இதில் தவறினால் புத்தகமே போய்விடும்.

முதலில் எந்தப் பதிப்பை மூலமாகக் கொள்வது என்று முடிவு செய்யுங்கள். ஆசிரியர் வாழ்ந்தபோது வெளிவந்த கடைசிப் பதிப்பை எடுப்பது பொதுவான வழக்கம்; அவர் திருத்தியிருக்க வாய்ப்பு உண்டு என்பதால். ஆனால் அவர் தொடாமலே அச்சகத்தார் சுருக்கிய பதிப்புகளும் உண்டு. பல நாவல்கள் முதலில் இதழில் தொடராக வந்தவை, பி.ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்து 1896-இல் நூலானது. இதழில் இருந்தது நூலில் எப்படி மாறியது என்பதைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. இந்த வகை உழைப்புக்கு நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது, ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-இல் காலச்சுவடு வெளியிட்ட 'புதுமைப்பித்தன் கதைகள்'. ஒவ்வொரு கதையும் எந்த இதழில் எப்போது வந்தது, பாடம் எங்கே வேறுபடுகிறது என்று அதில் காணலாம். நம்மால் அந்த அளவுக்குச் செய்ய முடியாமல் போகலாம். ஆனால் திசை அதுதான்.

எங்கள் முதல் நூலில் நான் செய்த தவறை இங்கே சொல்லியாக வேண்டும். எளிதாகக் கிடைத்த மூன்றாம் பதிப்பை மட்டும் வைத்து வேலையை முடித்தேன். நூல் வெளிவந்து நான்கு மாதங்கள் கழித்து ஒரு வாசகர் முதற்பதிப்பின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். பதினோராம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தி எங்கள் நூலில் இல்லை. கதாநாயகி வீட்டை விட்டு வெளியேறும்போது நினைத்துக்கொள்ளும் ஏழு வரிகள். மூன்றாம் பதிப்பில் பக்கக் கணக்குக்காக அதை எடுத்துவிட்டார்கள் போலும். அந்த ஏழு வரிகள் இல்லாமல் அவள் செய்தது வெறும் கோபமாகத் தெரிந்தது. அன்றிலிருந்து குறைந்தது இரண்டு பதிப்புகளை வரிக்கு வரி ஒப்பிடாமல் எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை.

உரையைக் கணினியில் ஏற்ற இரண்டு வழிகள்: தட்டச்சு, அல்லது பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள். கூகுளின் எழுத்துணரி தமிழை நன்றாகவே படிக்கிறது. ஆனால் 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா ஆகியவை கொக்கி வடிவிலும், ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை வடிவிலும் இருக்கும். அங்கே மென்பொருள் தடுமாறும். அதைவிட ஆபத்தானது ரகரமும் துணைக்காலும் இடம் மாறுவது. 'தரம்' என்பது 'தாம்' ஆகிவிடும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் கண்டுபிடிக்காது. ஈய எழுத்தின் புள்ளி தேய்ந்த பக்கங்களில் 'பல்' 'பல' ஆகும். இந்த இரண்டு வகைப் பிழைகளுக்காகவே ஒரு முறை தனியாகப் படியுங்கள்.

மெய்ப்பு, அதாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை பார்ப்பது, மூன்று முறை. முதல் முறை, ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் புது உரையைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். நிறுத்தக்குறி, பத்திப் பிரிவு ஆகியவற்றையும் படிப்பவர் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடராதீர்கள், காது மந்தமாகிவிடும். இரண்டாம் முறை மூலமில்லாமல் வாசகராகப் படியுங்கள். பொருள் தட்டும் இடத்தில் மட்டும் மூலத்தைப் பாருங்கள். மூன்றாம் முறை பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு. இது வரை நூலைப் பார்க்காத ஒருவரிடம் அதைக் கொடுங்கள்.

எதைத் திருத்தலாம்? வெளிப்படையான அச்சுப்பிழையைத் திருத்தலாம். நீளமாகச் சேர்த்து எழுதிய சொற்களை இன்றைய வாசகருக்காகப் பிரிக்கலாம். வட்டார வழக்கை, கிரந்த எழுத்தை, ஆசிரியருக்கே உரிய சொல்லாட்சியைத் தொடக்கூடாது. இன்று நம்மைச் சுடும் சாதிச் சொற்களையும் பெண்களைப் பற்றிய வாக்கியங்களையும் வெட்டக்கூடாது என்பதே என் முடிவு. முன்னுரையில் அவற்றைப் பேசுங்கள்; உரையில் மறைக்காதீர்கள். என்ன செய்தீர்கள், எந்த ஆண்டுப் பதிப்பை எந்த நூலகத்தில் பார்த்தீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் 'பதிப்புக் குறிப்பு' என்று எழுதிச் சேருங்கள். அந்தப் பக்கம் இல்லாத மறுபதிப்பை நான் வாங்குவதில்லை.

ஐந்தாம் படி: முன்னுரையும் குறிப்புகளும்

ஆசிரியரின் பழைய முன்னுரையை அப்படியே வையுங்கள். புது முன்னுரையைப் புகழ்பெற்றவரிடம் கேட்பதைவிட, அந்த நூலை உண்மையாகவே படித்தவரிடம் கேளுங்கள். எட்டுப் பக்கம் போதும். கதையின் முடிவைச் சொல்வதாக இருந்தால் பின்னுரையாகப் போடுங்கள்.

சொற்பொருள் குறிப்பைக் கடைசியில் சேர்த்தால் போதும். 1957-இல் பதின்ம நாணயம் வருவதற்கு முன் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்கு நான்கு பைசா என்பது இருபது வயது வாசகருக்குத் தெரியாது. ஒரு பாத்திரம் எட்டணாவைத் தூக்கி எறிவதன் பொருள் அதில்தான் இருக்கிறது. முதற்பதிப்பின் தலைப்புப் பக்கத்தை ஒரு படமாகச் சேருங்கள்.

ஆறாம் படி: அச்சு

டெமி அளவு (நாவல்களுக்கு வழக்கமான அளவு), எழுபது ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) நேச்சுரல் ஷேட் (சற்றே மங்கிய வெள்ளை) தாள்: நாவலுக்கு இதுவே போதும், கண்ணுக்கும் இதம். ஒரு ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள்) 16 பக்கம் என்பதால் மொத்தப் பக்கத்தைப் பதினாறின் மடங்காக அமையுங்கள். 208 பக்கம் என்றால் 13 ஃபாரம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரி முடிவில் உடையும்போது அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மென்பொருள் இதைச் செய்துவிடும் என்று நம்பாமல் கண்ணால் பாருங்கள்.

சில நூறு பிரதிகள் என்றால் டிஜிட்டல் அச்சு. ஆயிரத்தை நெருங்கினால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். முதலில் இருநூறோ முந்நூறோ போடுங்கள். வீட்டுப் பரணில் கரையான் தின்னும் எழுநூறு பிரதிகளைவிட, தீர்ந்துபோய் மறுபடி அச்சிடும் இருநூறு மேல். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இலவசமாகக் கிடைக்கிறது. இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எல்லா நூல்களுக்கும் ஒரே குடும்பச் சாயல் இருக்கட்டும். பெண் எழுத்தாளர்களின் பழைய நூல்களை மறுபதிப்பிக்க இங்கிலாந்தில் 1978-இல் தொடங்கிய விராகோ மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையைப் பச்சை முதுகாலும், பெர்சிஃபோனி நூல்களைச் சாம்பல் அட்டையாலும் வாசகர் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டார்கள். பெயரே தெரியாத ஆசிரியரின் நூலை ஒருவர் வாங்குவது வரிசையின் மீதுள்ள நம்பிக்கையால்தான்.

ஏழாம் படி: விலையும் விற்பனையும்

அச்சுச் செலவை மட்டும் வைத்து விலை போடாதீர்கள். தட்டச்சு, மெய்ப்பு, பயணம், குடும்பத்துக்கான உரிமைத்தொகை ஆகிய எல்லாவற்றையும் கூட்டுங்கள். விற்பனையாளர் கழிவில் விலையின் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் தாளுக்கும் அச்சுக்கும் நீங்கள் கட்டும் வரியைத் திரும்பப் பெற முடியாது. நூலக ஆணையை (பொது நூலகங்களுக்காக அரசு வாங்குவதை) நம்பிக் கணக்குப் போட வேண்டாம், வந்தால் மகிழ்ச்சி.

எங்களைக் காப்பாற்றியது முன்வெளியீட்டுத் திட்டம். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, நூல் வரும் முன்பே வாங்குவதாக அன்பர்களிடம் கையொப்பம் பெற்றுத்தான் செலவைச் சமாளித்தார். நாங்களும் அதையே செய்கிறோம்: இரண்டு மாதம் முன்பே அறிவித்து, சலுகை விலையில் பணம் வாங்கி, முன்பதிவு செய்தவர்களின் பெயரைக் கடைசிப் பக்கத்தில் அச்சிடுகிறோம். நூறு பேர் சேர்ந்தாலே அச்சகத்துக்கு முன்பணம் கொடுத்துவிடலாம். சென்னை, ஈரோடு கண்காட்சிகளில் தனி அரங்கு எடுக்க முடியாதபோது, ஒத்த மனம் கொண்ட பதிப்பகத்தின் அரங்கில் ஓர் அலமாரியைக் கேட்டு வாங்குங்கள்.

எட்டாம் படி: வெளிவந்த பிறகு

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை, மும்பை, டெல்லி ஆகிய ஊர்களின் உரிய நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். சென்னையில் அது கன்னிமாரா. பல சிறு பதிப்பாளர்கள் இதைச் செய்வதே இல்லை. எங்கள் மூன்று நூல்களில் இரண்டின் மூலப் பிரதி அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. முன்பு யாரோ ஓர் அச்சகத்தார் அனுப்பி வைத்ததால். ஆகவே அங்கே போகும் பிரதியை நானே கையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.

கடைசியாக, ஒரு பிரதியை விற்காமல் உங்கள் மேசையில் வையுங்கள். அதன் அட்டையில் 'திருத்தப் பிரதி' என்று எழுதுங்கள். வாசகர்கள் சொல்லும் ஒவ்வொரு பிழையையும், சொன்னவர் பெயரோடும் தேதியோடும் அந்தந்தப் பக்கத்திலேயே குறியுங்கள். எங்கள் முதல் நூலின் திருத்தப் பிரதியில் இதுவரை 41 குறிப்புகள் இருக்கின்றன. முதலாவது, பதினோராம் அத்தியாயத்தின் அந்த ஏழு வரிகள். இரண்டாம் அச்சில் அவை அவற்றுக்குரிய இடத்துக்கு வந்துவிட்டன.